பிகினர் மெத்தட் சம்பந்தி

என் மகளைப் பெண் கேட்டு, ஜொகூரில் குளுவாங் பக்கமிருக்கும் ரெங்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள்: மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. மாப்பிள்ளையும் என் மகளும் எங்கள் ஊர் ஸ்கூடாயில் ஒன்றாகப் படித்த காலத்திலேயே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டிருந்தார்கள். பெற்றவர்களுக்கு மிச்சமிருந்த வேலை, எதிரெதிரே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டு, இந்தச் சம்பந்தத்தை நாங்களே தேடிக் கண்டுபிடித்ததுபோல் பேசிக்கொள்வதுதான்.

அவர்கள் வருவதற்கு முன், டிவி மேசைமேல் கிடந்த மூக்குக் கண்ணாடி, மாத்திரை, ரப்பர் பேண்ட், பழைய பேட்டரி எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைக்கச் சொன்னாள் என் மனைவி. நான் எல்லாவற்றையும் எடுத்தேன். ரூபிக் கியூபை மட்டும் விட்டுவைத்தேன். ஆறு பக்கமும் ஆறு நிறமாகச் சேர்த்து, உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி வைத்தேன். யாராவது கேட்கட்டும் என்றுதான்.

அந்தப் பெருமை எனக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். ஸ்கூடாயில் கார் சாமான் விற்கும் கடை ஒன்றில் கவுண்டரில் நிற்கிறவன் நான். ஒருநாள் பிரேக் பேட் கேட்டு வந்தவருக்கு, கைபேசியில் இருந்து கண்ணை எடுக்காமலே, வைப்பர் ஒன்றை எடுத்து நீட்டிவிட்டேன். எங்கள் சீன முதலாளி, தவுக்கே, அதிகம் பேசுகிறவர் இல்லை. மறுநாள் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். கடை மூடும்வரை என் கைபேசி அதற்குள்தான் இருக்க வேண்டும் என்பதை டின்னைத் தட்டியே புரியவைத்தார். அன்று மாலை, எல்லாம் மலிவாகக் கிடைக்கும் கடை ஒன்றில் கியூப் ஒன்றை வாங்கினேன். டின் சட்டம் கியூபுக்குச் செல்லாது என்பது என் கணக்கு.

வீட்டில் காணொளி பார்ப்பேன், கடையில் பழகுவேன். முதலில் வெள்ளை நிறத்தில் ஒரு கூட்டல் குறி. பிறகு அதன் நான்கு மூலைகள். பிறகு நடு அடுக்கு. கடைசியில் மேலே மஞ்சள். அடிக்கடி வருகிற ஒரு சுற்றுக்கு நானே தமிழில் பாட்டு கட்டிக்கொண்டேன். வலது பக்கத்தை மேலே ஏத்து, மேல் தட்டைத் தள்ளு, வலதை இறக்கு, மேலைத் திரும்ப இழு. ஏத்து, தள்ளு, இறக்கு, இழு. ஒருமுறை கவுண்டரில் நான் இதை முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, டயர் ஏற்றிவந்த லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, ஏத்தணுமா எறக்கணுமா, ஒண்ணச் சொல்லுங்க லா," என்றார்.

கடைசிப் படிதான் நெஞ்சைப் பிசையும். எல்லாம் சேர்ந்து, இரண்டு மூன்று மூலைகள் மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கும். அவற்றைச் சரிசெய்ய ஒரே சுற்றைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். செய்யச் செய்ய அதுவரை சேர்த்ததெல்லாம் கண் முன்னாலேயே குலைந்துபோகும். பயப்படாமல், எண்ணிக்கை தப்பாமல் தொடர்ந்தால் திடீரென்று எல்லாம் கூடிவிடும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இதை நான் முதன்முதலாக முழுதாக முடித்த அன்று தவுக்கேயிடம் காட்டினேன். அவர் ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு பிஸ்கட் டின்மேல் வைத்தார். எங்கள் தாமான் குடியிருப்பில் இதைச் சேர்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பெண் கேட்டு வந்த அன்று, எதிர்பார்த்தபடி கேள்வி வந்தது. கேட்டவர் மாப்பிள்ளையின் அம்மா. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நேராக நிமிர்ந்து உட்கார்வார். எதைப் பார்த்தாலும் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்ப்பார்.

"இந்தக் கியூப் யாரோடது?"

"என்னோடதுதாங்க," என்றேன். "சும்மா, பொழுதுபோக்கு."

"நீங்களே சேப்பீங்களா?"

"சேத்துருவேன்."

"எங்க, நான் கலச்சுத் தர்றேன். ஒரு தடவ செஞ்சு காட்டுங்க சம்மந்தி."

அவர் கலைத்த விதத்திலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். மணிக்கட்டு அசையவில்லை. விரல்கள் மட்டும் எதையோ கிள்ளி எறிவதுபோல் ஓடின. நான்தான் பதற்றத்தில் கவனிக்கவில்லை. வாங்கி ஆரம்பித்தேன்.

தேநீர் ஆறியது. மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒருவழியாகக் கடைசிப் படிக்கு வந்து, எல்லாம் குலைந்திருக்கும் அந்த நேரத்தில், சமையலறை வாசலிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, கேசரி எடுத்துட்டு வரவா?"

"எடுத்துட்டு வா," என்றேன். சொன்னதும் கடைசியாகத் தள்ளினேனா இழுத்தேனா என்பது மறந்துவிட்டது. கையில் இருந்தது ஒரு வண்ணக் குப்பை.

"பரவால்ல, படபடப்பா இருந்திருக்கும்," என்றார் சம்பந்தியம்மாள், ஊசி போடுவதற்கு முன் சொல்கிற குரலில். பிறகு கியூபைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். யாரும் சொல்லாமலே அவர் கணவர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, அதில் நேரம் பார்க்கும் திரையைத் திறந்தார். அதுவரை அந்த மனிதர் ரோட்டில் நெரிசல் எப்படியிருந்தது என்பதைத் தவிர எதுவும் பேசியிருக்கவில்லை.

"ரெடி," என்றார்.

சம்பந்தியம்மாள் என் மனைவியைப் பார்த்துப் பேசிக்கொண்டேதான் சுற்றினார். "கல்யாண ஹால் குளுவாங்ல பாத்தா நல்லதுன்னு நெனக்கிறோம். எங்க சொந்தக்காரங்க எல்லாம் ரெங்கம், பாலோ பக்கம். வயசானவங்க. அவ்வளவு தூரம் கார்ல உக்காந்து வர முடியாது, பாருங்க." வாக்கியம் முடிவதற்கும் கியூப் மேசையில் வந்து உட்கார்வதற்கும் சரியாக இருந்தது. ஆறு பக்கமும் ஆறு நிறம்.

அவர் கணவர் கைபேசியைப் பார்த்தார். "இன்னிக்குக் கொஞ்சம் ஸ்லோ."

"எனக்குப் பழகாத கியூப் இல்லையா, இறுக்கமா இருக்கு," என்ற சம்பந்தியம்மாள் என் பக்கம் திரும்பினார். "நீங்க பிகினர் மெத்தட்ல இருக்கீங்க சம்மந்தி. தப்பில்ல. எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கிறது."

அவர்களை வழியனுப்பிவிட்டு உள்ளே வந்ததும் என் மனைவி கதவைச் சாத்தினாள்.

"அவங்க குளுவாங்னு சொன்னப்ப நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல? நம்ம தாமான் பக்கத்துல இருக்குற ஹாலத்தானே பேசணும்னு சொல்லி வச்சிருந்தேன்?"

"நான் அவங்க வெரலப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"வெரலப் பாத்துக்கிட்டு மண்டபத்த விட்டுட்டீங்க," என்றாள்.

என் மகள் பயந்த முகத்துடன் வந்து, "அப்பா, ஒங்களுக்கு அவங்க குடும்பத்தப் புடிக்கலையா?" என்று கேட்டாள். பிடித்திருக்கிறது என்றேன். உண்மைதான். ஆனால் 'பிகினர் மெத்தட்' என்ற அந்த இரண்டு சொற்கள் மட்டும் பல்லிடுக்கில் முறுக்குத் துண்டுபோல் சிக்கிக்கொண்டன.

வேகமான முறையை நானே கற்றுக்கொள்வதென்று இறங்கினேன். விஷயம் இதுதான். ஆரம்ப முறையில் மூலைத் துண்டை முதலில் வைப்போம். அதன் மேல் வரவேண்டிய விளிம்புத் துண்டைப் பிறகு தேடி வைப்போம். வேகமான முறையில் இரண்டையும் மேலேயே ஜோடி சேர்த்து ஒன்றாக உள்ளே இறக்கிவிட வேண்டும். கேட்க எளிதாக இருந்தது. செய்தால், மூலை கிடைத்தபோது விளிம்பு கிடைக்கவில்லை. விளிம்பு கிடைத்தபோது, ஏற்கெனவே உள்ளே குடிவைத்த ஜோடியை நானே வெளியே துரத்திவிட்டேன். முன்பு எடுத்ததைப் போல் இரண்டு மடங்கு நேரம் ஆனது. பழைய முறைக்கே திரும்பலாம் என்றால் மானம் இடம் கொடுக்கவில்லை.

போதாக்குறைக்குக் கியூப் வேறு இறுகிப்போயிருந்தது. கார் சாமான் கடைக்காரனுக்குத் தெரியாத வைத்தியமா என்று பேரிங்குக்குப் போடும் கிரீஸை எடுத்து உள்ளே அப்பினேன். ஒரு மணி நேரம் வெண்ணெய் மாதிரி ஓடியது. பிறகு வெள்ளை சாம்பலாகி, மஞ்சள் பச்சையாகி, என் பத்து விரலும் மெக்கானிக் விரலாகின. சாப்பிட உட்கார்ந்தால் ரசத்தில் கியர்பாக்ஸ் வாடை அடித்தது.

நான் படும் பாட்டை என் மகள் படமெடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறாள். அவர் அம்மாவிடம் காட்டியிருக்கிறார். இரண்டு நாளில் எனக்கொரு குரல் செய்தி வந்தது. என் மனைவி அருகில் இருந்ததால் சத்தமாகப் போட்டேன். அது தவறு.

"சம்மந்தி, வணக்கம். ஒங்க வீடியோ பாத்தேன். அது என்ன, கியூபா, கியர்பாக்ஸா? அதுக்கு சிலிக்கான் ஸ்ப்ரேதான் அடிக்கணும், ஒரு சொட்டு போதும். அப்புறம், அடியில என்ன இருக்குன்னு தூக்கித் தூக்கித் திருப்புறீங்க. மாமாக் கடைக் கல்லுல ரொட்டிச் சானாய் வெந்துருச்சான்னு பாக்குற மாதிரி இருக்கு. வெள்ளையக் கீழ வைங்க. வச்சா வச்சதுதான், எட்டிப் பாக்கக் கூடாது. நாளைக்கு வெறும் கூட்டல் குறி மட்டும் பத்து தடவ போட்டு வீடியோ அனுப்புங்க."

"பொண்ணு குடுக்குற எடத்துல வீட்டுப்பாடம் வாங்குற மொத ஆளு நீங்கதான்," என்றாள் என் மனைவி.

மறுநாள் கடையில் திரும்பிப் பார்த்தால், என் முதுகுக்குப் பின்னால் சிலிக்கான் ஸ்ப்ரே ஒரு வரிசையே நிற்கிறது. அந்த வரிசைக்குத் தூசி தட்டுகிறவனே நான்தான்.

கியூபைப் பிரித்து, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி பொருத்தி, சொன்னபடி ஸ்ப்ரே அடித்தேன். பத்து முறை கூட்டல் குறி போட்டு அனுப்பினேன். "ரெண்டாவதும் ஏழாவதும் எட்டிப் பாத்தீங்க," என்று பதில் வந்தது. இப்படியே பாடம் நடந்தது. சம்பந்திகள் பேசிக்கொள்கிற மரியாதை ஒரு பக்கம் அப்படியே இருந்தது. "சாப்பிட்டீங்களா", "வீட்ல எல்லாரும் சௌக்கியமா" என்று ஆரம்பிப்பார். அடுத்த வாக்கியத்தில், "நேத்து அனுப்புனது ரொம்ப மோசம்," என்பார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று ஒருமுறை கேட்டேன். வேலையை விட்டபின் சும்மா உட்கார்ந்தால் கை பரபரத்ததாம். மகன் வீட்டில் போட்டுவிட்டுப்போன கியூபை எடுத்தாராம். "வார்டுல எட்டுப் பேரப் பாத்துக்கிட்டவளுக்கு இது எட்டு மூலைதானே," என்றார்.

அவர் சொன்னதில் எனக்கு நம்பிக்கையே வராத ஒன்று இருந்தது. "வேகமாச் சுத்தாதீங்க. மெதுவாச் சுத்துங்க, ஆனா நிக்காதீங்க. கை ஒரு ஜோடிய எறக்குறப்பவே கண்ணு அடுத்த ஜோடியத் தேடணும்." வேகமாக முடிக்கக் கற்றுக்கொள்ள வந்தவனை மெதுவாகச் சுற்றச் சொல்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. செய்து பார்த்தேன். அதுவரை நான் சடசடவென்று சுற்றிவிட்டு, அடுத்த துண்டு எங்கே என்று தெரியாமல் நின்று விழித்துக்கொண்டிருந்ததுதான் நேரம் போன இடம் என்று அப்போதுதான் தெரிந்தது. மெதுவாகச் சுற்றியபோது அரை நிமிஷம் குறைந்தது. மேல் தட்டுக்கான சூத்திரங்கள் ஏராளம் என்று நான் பயந்தபோதும் அவரே வழி சொன்னார். எல்லாம் ஒரேயடியாக வேண்டாம், ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு படியாகப் பிரித்துக்கொண்டால் கொஞ்சம் மனப்பாடம் போதும் என்றார். அவற்றையும் தமிழ்ப் பாட்டாக மாற்றி, மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது ஹெல்மெட்டுக்குள் பாடிப் பழகினேன்.

இதற்கிடையில் மண்டப விவகாரம் அப்படியே கிடந்தது. என் மனைவி இரண்டு முறை பேச்செடுத்தும், சம்பந்தியம்மாள் பாலோவில் இருக்கும் பெரியம்மாக்களின் முழங்காலைப் பற்றிச் சொல்ல, இவளால் அதற்கு மேல் பேச முடியவில்லை.

"நீங்க பேசுங்க. ஒங்க டீச்சர்தானே," என்றாள்.

பேசினேன். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "சரி சம்மந்தி. அடுத்த மாசம் எங்க வீட்டுக்கு வர்றீங்கல்ல? வந்து, எங்க கூடத்துல உக்காந்து, ஒரு நிமிஷத்துக்குள்ள முடிங்க. கல்யாணம் ஸ்கூடாய்ல. பெரியம்மாவுங்களுக்கு நான் வேன் ஏற்பாடு பண்றேன்."

அவர் விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவிக்கு அந்தச் சந்தேகமே இல்லை. அதுவரை கியூபைக் குப்பையில் போடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தவள், அன்று முதல் நுரை பொங்கத் தே தாரே ஆற்றிக் கையில் கொடுத்து, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைபேசியில் நேரம் பார்க்க ஆரம்பித்தாள். நான் கடையிலிருந்து வந்து காலணியைக் கழற்றுவதற்குள், "உக்காருங்க, ஒரு நாலு தடவ," என்பாள். சமைக்கும்போது வேண்டுமென்றே, "ஏங்க, உப்புப் போட்டனா?" என்று சத்தமாகக் கேட்பாள். கவனம் சிதறாமல் பழக வேண்டுமாம். ஒருமுறை ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேலே வந்தபோது, "அலமாக், கடைசி மூலைக்கு என்ன அவ்வளவு யோசன," என்றாள். அது எந்த மூலை என்று அவளுக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டிருந்தது.

ரெங்கம் போன அன்று தட்டில் பழம், வெற்றிலை, இனிப்பு எல்லாம் இருந்தன. என் சட்டைப் பையில் கியூப். அவர்கள் வீட்டில் தேநீர் வந்தது, பலகாரம் வந்தது. கல்யாணப் பேச்சை யாரும் ஆரம்பிக்கவில்லை. எல்லோரும் என் சட்டைப் பையையே பார்த்தார்கள். கடைசியில் சம்பந்தியம்மாள் கையை நீட்டினார். கலைத்துக் கொடுத்தார்.

அவர் கணவர் கைபேசியை எடுத்தார். என் மனைவியும் எடுத்தாள். "தப்பா நெனக்காதீங்கண்ணே, ரெண்டு பேரும் பாத்தா நல்லது," என்றாள். அவரும் அதை மிகச் சரியான ஏற்பாடாக ஏற்றுக்கொண்டார்.

வெள்ளைக் கூட்டல் குறி அடியில் போய் உட்கார்ந்தது. எட்டிப் பார்க்கவில்லை. முதல் ஜோடி, இரண்டாவது ஜோடி. மூன்றாவதற்கு விளிம்புத் துண்டு கண்ணில் படவில்லை. நிற்காமல் சுற்றியபடியே தேடினேன், பின்னால் ஒளிந்திருந்தது. நான்காவது தானாகவே வந்தது. மேல் தட்டில் மஞ்சள் கூடியது. என்னையறியாமல் பாட்டை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். மகள் பிறகு சொன்னாள். கடைசித் திருப்பம் முடிந்து மேசையில் வைத்தபோது என் காது இரண்டும் சூடாக இருந்தன.

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் தன் கைபேசியைப் பார்த்து முகம் வெளுத்தாள். பதற்றத்தில் அமுக்கவே மறந்திருக்கிறாள்.

சம்பந்தி தம் கைபேசியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். "அம்பத்தெட்டு," என்றார்.

சம்பந்தியம்மாள் எழுந்துவந்து கியூபை எடுத்து, நர்ஸ் கண்ணால் ஆறு பக்கமும் பரிசோதித்தார். "கை இன்னும் கொஞ்சம் விறைப்பா இருக்கு," என்றார். "ஆனா எட்டிப் பாக்கல. கல்யாணம் ஸ்கூடாய்லதான்." என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். மகள் பிறந்த அன்றுகூட நான் என் மனைவி கண்ணில் அப்படியொரு மரியாதையைப் பார்த்ததில்லை.

அங்கிருந்தே எங்கள் தாமான் பக்கத்து மண்டபத்துக்குப் போன் போட்டாள். கோயிலில் குறித்துக் கொடுத்த முகூர்த்த நாளைச் சொன்னாள். கொஞ்ச நேரம் கேட்டாள். "ஓ," என்றாள். அந்த நாளை வேறொரு கல்யாணத்துக்கு எப்போதோ கொடுத்துவிட்டார்களாம். அடுத்து ஸ்கூடாயில் தெரிந்த இன்னொரு மண்டபம். அதுவும் இல்லை. எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் இதை முதலிலேயே விசாரிக்கத் தோன்றவில்லை.

கல்யாணம் குளுவாங்கில் நடந்தது. குறை ஒன்றுமில்லை. பாலோ பெரியம்மாக்கள் முன்வரிசையில் முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். தாலி கட்டி, பந்தி நடந்துகொண்டிருந்தபோது சம்பந்தி என் முழங்கையைத் தொட்டார். "ஒரு நிமிஷம் வாங்க சம்மந்தி," என்று மண்டபத்துக்குப் பின்னால், சமையல்காரர்களின் லாரி நிற்கிற இடத்துக்கு அழைத்துப் போனார். என்ன தகராறோ என்று நினைத்துக்கொண்டே போனேன். அவர் ஜிப்பாப் பைக்குள் கையை விட்டு ஒரு கியூபை எடுத்தார். கலைந்திருந்தது.

"எனக்கும் சேக்கணும்னு ஒரு ஆச," என்றார் தாழ்ந்த குரலில். "அந்த பிகினர் மெத்தட் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

"சம்மந்தியம்மாகிட்டயே கேக்கலாமே?"

"அவகிட்டயா? டைம் பாக்குறதுக்கே திட்டு வாங்குறேன் லா."

கவிழ்த்துப் போட்ட காய்கறிக் கூடைகள் மேல் இருவரும் உட்கார்ந்தோம். கூட்டல் குறியைப் போட்டுக் காட்டினேன். அதன் பிறகு என் கை தானாகவே மூலையையும் விளிம்பையும் ஜோடி சேர்த்து உள்ளே இறக்கியது. "இது புரியல. ஒண்ணொண்ணா சொல்லுங்க," என்றார். பழைய முறையில் ஒவ்வொன்றாக வைக்க முயன்றேன். மூலைகள் வந்தன. நடு அடுக்குக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எத்தனையோ வாரம் கவுண்டரில் நின்று உருப்போட்ட அந்தச் சுற்று, எந்தப் பக்கம் ஆரம்பிக்கும் என்பதே நினைவில் இல்லை. வேகமான முறை உள்ளே வந்தபோது அதை வெளியே அனுப்பிவிட்டிருக்கிறது.

"என்னாச்சு?"

"மறந்துபோச்சு சம்மந்தி," என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, நம்பிக்கையில்லாமைதான் இருந்தது.

வேறு வழியில்லாமல் என் கைபேசியில் அந்தப் பழைய காணொளியைத் தேடி எடுத்தேன். தலையோடு தலை முட்ட இருவரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, புதுப் புடவை சரசரக்க என் மனைவி லாரிக்குப் பின்னால் வந்து நின்றாள். போட்டோவுக்கு எல்லோரும் மேடையில் காத்திருக்கிறார்களாம். எங்களையும் கையில் இருந்ததையும் பார்த்தாள். "சீக்கிரம் வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சம்பந்தியம்மாளிடம் அவள் இதுவரை சொல்லவில்லை.

அதன் பிறகு என் மகளும் மாப்பிள்ளையும் ஜொகூர் பாருவில் வீடு எடுத்துப் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டில் கியூப் கிடையாது. வாங்கிக் கொடுக்கவும் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். சம்பந்தி மட்டும் நான் மதியம் சாப்பிடப் போகிற நேரம் பார்த்துக் கூப்பிடுவார். காணொளியைப் பார்த்து அவரும் படிக்கிறார், நானும் திரும்பப் படிக்கிறேன். போன வாரம் அவருக்கு மேலே மஞ்சள் கூட்டல் குறி முதன்முதலாக வந்துவிட்டதென்று படம் அனுப்பினார். படத்தில் அவர் கை தெரிந்தது. பின்னால் கோழிக்கூண்டு தெரிந்தது. பார்த்ததும் அழித்துவிடும்படி கீழே எழுதியிருந்தார்.